கடைமடையிலிருந்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாரசீகக் கவிதையும் சுற்றுச்சூழலும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை படித்தேன். கவிஞர் ரூமி பாடிய நாணல் குழலில் தொடங்கி, கவிஞர் அத்தார் பாடிய பறவைகள் வரை சுவையாகவே போகிறது. ஆனால் ஆன்ம ஏக்கத்தைத் தாண்டவில்லை. நாணற்காட்டிலிருந்து வெட்டிவந்த குழல் அழுவது இறைவனைப் பிரிந்த உயிருக்காக. நாணற்காட்டைக் காப்பாற்று என்று அது சொல்லவில்லையே!

பிற உயிரைக் காக்கச் சொல்லும் பாரசீகக் கவிதையும் இருக்கிறது. கவிஞர் ஷேக் ஸஅதியின் 'புஸ்தான்' (1257) நூலில் ஒரு கதை உண்டு. சூஃபி ஞானி ஷிப்லி கடையில் கோதுமை வாங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்கிறார். உள்ளே ஓர் எறும்பு, திக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எறும்பை அதன் இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார். தானியம் சுமக்கும் எறும்பை வதைக்காதே, அதற்கும் உயிர் இனியது என்ற மூத்த கவிஞர் ஃபிர்தௌசியின் வரியை ஸஅதி அங்கே நினைவுகூர்கிறார்.

காஷான் நகரத்துக் கவிஞர் சொஹ்ராப் செபெஹ்ரியின் (1928-1980) பெயரே கட்டுரையில் இல்லாதது பெரிய குறை. தண்ணீரைக் கலக்க வேண்டாம் என்று தொடங்கும் அவர் கவிதை ஈரானில் பிரபலம். கீழே எங்கோ ஒரு புறா குடித்துக்கொண்டிருக்கலாம்; ஒரு பக்கிரி காய்ந்த ரொட்டியை நனைத்துக்கொண்டிருக்கலாம். மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள், அவர்கள் கலக்கவில்லை, நாமும் கலக்க வேண்டாம் என்கிறார். காவிரிக் கடைமடைக்காரர்களான எங்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

சரி, கவிதையை நேசிக்கும் சமூகம் இயற்கையைக் காக்கும் என்று கட்டுரை முடிகிறதே, அதுதான் இடிக்கிறது. ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் ஓடும் ஸாயந்தே ருத் ஆற்றை ஷிராஸ் நகரத்துக் கவிஞர் ஹாஃபிஸ் உயிர்நீர் என்று பாடினார் (ஆனாலும் எங்கள் ஷிராஸ்தான் ஒசத்தி என்று அதே மூச்சில் ஊர்ப்பெருமையும் பேசினார்!). இன்று அந்த ஆறு நகருக்குள் பெரும்பாலும் வெறும் மணல். மழைக் குறைவு மட்டும் காரணமில்லை. மேலே அணை, எஃகு ஆலைகள், யஸ்த் நகரத்துக்குப் போகும் குழாய். 2021 நவம்பரில் விவசாயிகளோடு ஆயிரக்கணக்கான மக்கள் அந்த வறண்ட ஆற்றுக்குள் இறங்கித் தண்ணீர் கேட்டார்கள். ஹாஃபிஸை மனப்பாடமாகச் சொல்லும் நாடுதான் அது.

கனாத் என்னும் நிலத்தடிக் கால்வாய்களை வெட்டியதும் ஈரானியர்கள்தான். மோட்டார் கிடையாது. ஊறுகிற நீர் சரிவில் தானாக வெளியே வரும், அதற்கு மேல் இழுக்க முடியாது. 2016இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்பே ஆழ்துளைக் கிணறுகள் பல கனாத்களை வற்ற வைத்துவிட்டன. கிடைப்பதற்கு மேல் எடுக்காத அந்த அடக்கத்தால், எறும்புக்காகத் தூங்காத ஷிப்லியின் மனசாட்சி வேலை செய்த இடம் என்று நான் கனாத்தைத்தான் காட்டுவேன்.

கவிமணி புண்ணியத்தில் உமர் கய்யாம் நமக்கு நெருக்கமாகிவிட்டார். செபெஹ்ரியின் அந்தக் கவிதையையும் பாரசீகம் அறிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து வெளியிடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எதிர்ப்பக்கத்தில் ஸாயந்தே ருத்தின் வரைபடம் இருந்தால் நல்லது: அணை எங்கே, ஆலைகள் எங்கே, ஆறு போய்ச் சேரவேண்டிய காவ்கூனி சதுப்பு நிலம் எங்கே என்று.

வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்