கடற்கரை மேடைக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டரா, லெஸ் பாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் எலெக்ட்ரிக் கிதார் வாங்குவோருக்காக வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பாலையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னதற்குத் தெளிந்த மணியோசை, பின்னதற்குக் கனத்து நீளும் ஓசை என்று பிரித்துக் காட்டி, காதுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கட்டுரை முடிந்திருந்தது. குளிரூட்டிய அறையில் வாசிப்பவருக்கு அந்த அறிவுரை போதும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை என நீளும் எங்கள் கரையில் காதைக் கடைசியாகக் கேட்டால் போதும். மேடைக்கு வரும் மின்சாரத்தையும் கடலிலிருந்து வரும் காற்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். கட்டுரையில் இவ்விரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இக்கரையில் முதல் எலெக்ட்ரிக் கிதார் வாங்கும் பிள்ளைக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வார்ப்பே ஏற்றது. ஆனால் தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகள் மூன்றும் ஒற்றைச் சுருளாலான சிங்கிள் காயில்களாக உள்ள வழக்கமான வகை அன்று. தந்திகள் உடலின் மேல் தங்கும் பாலமான பிரிட்ஜ் ஓரத்தில் மட்டும், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் ஒன்று பொருத்தப்பட்ட வகை. லெஸ் பால் தரம் குறைந்த கருவி என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ராக் இசைக் கலைஞர்களான ஜிம்மி பேஜ் கையிலும் ஸ்லாஷ் கையிலும் அது என்னவெல்லாம் செய்தது என்பதை உலகம் அறியும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பகுதியில் எலெக்ட்ரிக் கிதார் பெரும்பாலும் ஒலிப்பது தேவாலயங்களின் பங்குத் திருவிழாக்களிலும், கோயில் திருவிழாக்களையொட்டி இரவில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளிலும்தான். அம்மேடைகளில் ஒலிபெருக்கி, சீரியல் செட், வண்ண விளக்குகளின் டிம்மர், குழல் விளக்கின் சோக் ஆகிய யாவும் ஒரே ஜெனரேட்டரிலிருந்து, பல இடங்களில் ஒரே வயரிலிருந்து, பிரிந்து போகின்றன. சிங்கிள் காயில் என்பது காந்தங்களின் மீது ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மயிரிழை போன்ற செம்புக் கம்பி. எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் அதே சுருள், பக்கத்திலிருக்கும் மின்மாற்றியின் காந்தப் புலத்தையும் பாகுபாடின்றி வாங்கிக்கொள்ளும். விளைவு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான அமைதியில் மேடை முழுவதும் கேட்கும் உறுமல். வாசிப்பவர் நின்ற இடத்திலேயே சற்றுத் திரும்பினால் அந்த உறுமல் குறைவதும் கூடுவதும் உண்டு. அதனால்தான் எங்கள் ஊர் மேடைகளில் சில கிதார்க்காரர்கள் கூட்டத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று வாசிக்கிறார்கள். அதைக் கூச்சம் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள்.

நம் நாட்டு மின்சாரத்தின் அலைவு நொடிக்கு 50. அது கிதாரின் தடித்த தந்தியின் 82 அலைவுக்கும் வெகு கீழே, ஜி சுரத்தை ஒட்டிச் சற்று மேலே விழுகிறது. ஆகவே ஜி மேஜரில் அமைந்த பாட்டில் ஓரளவு ஒளிந்துகொள்ளும் உறுமல், அடுத்த பாட்டு அரைச்சுரம் ஏறியதும் அபசுரமாக வெளியே வந்து நிற்கும். அமெரிக்காவில் அலைவு 60 என்பதால் அங்குள்ளவர்களின் தொல்லை வேறொரு சுரத்தில் உட்காருகிறது.

இந்த உறுமலுக்கு மருந்தாக வந்ததுதான் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955-இல் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1959-இல் அது வழங்கப்பட்டது. இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனைகளை மற்றொன்றுக்கு எதிராகவும், ஒன்றின் மின்திசையை மற்றொன்றுக்கு எதிராகவும் அமைத்துவிட்டால், தந்தியின் ஓசை இரண்டிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்து வலுப்பெறும். வெளியிலிருந்து வரும் உறுமலோ எதிரெதிர்ப் பக்கமாக வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். லெஸ் பால் என்றாலே ஹம்பக்கர், ஸ்ட்ராட் என்றாலே சிங்கிள் காயில் என்று கட்டுரையாளர் பிறவிக் குணம் போல எழுதியிருப்பதை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. லெஸ் பால் 1952-இல் வெளிவந்தபோது அதில் இருந்தவையும் சிங்கிள் காயில்களே. ஹம்பக்கர் ஏறியது 1957-இல்தான். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இன்று ஹம்பக்கர் பொருத்திய வகைகள் குறைந்த விலை வரிசையிலேயே கிடைக்கின்றன. ஆகவே உறுமலுக்கு அஞ்சி லெஸ் பால்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்ஜ் ஓரத்து ஹம்பக்கரில் வாசிக்கையில் உறுமல் அடங்கிவிடும். கழுத்தோரப் பிக்கப்பை நடுப் பிக்கப்புடன் சேர்த்து வாசிக்கையிலும், நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால், அடங்கிவிடும். கடையில் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கழுத்தோரப் பிக்கப்பையோ நடுப் பிக்கப்பையோ தனியாக வைக்கும்போது தொல்லை மிஞ்சும். டிம்மர் விளக்கின் கரகரப்பு முழுவதும் ஹம்பக்கருக்கும் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கருவியின் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டி எர்த்துடன் இணைக்க வேண்டும்.

எர்த் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. இரு வகைக் கிதார்களிலும் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கிதாரின் ஓசையைப் பெருக்கும் ஆம்பின் எர்த்துடன் இணைந்திருக்கின்றன. மைக் ஒரு லைனிலும் ஆம்ப் வேறொரு லைனிலும் இருந்து, இரண்டில் ஒன்றின் எர்த் கெட்டிருந்தால், தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும் பாடகருக்கு ஷாக் அடிக்கும். உறுமல் குறைகிறது என்பதற்காகப் பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கம் எங்கள் பக்கத்து மேடைகளில் இருக்கிறது. எந்த கிதாரை வாங்கினாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கதவுத் தாழ்ப்பாள்கூட உப்புப் பூத்துப்போகும். உலோகத்தின் மேல் படியும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதால் துரு நிற்காமல் வளரும். விரல் வியர்வையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் நெடுநாள் தாங்கும் தந்தி இங்கே அதில் பாதிக் காலம் தாங்கினால் பெரிது. இந்தக் கணக்கில் பழைய பாணி ஸ்ட்ராட் பிரிட்ஜ் தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் தந்திக்கு ஒன்றாக ஆறு இருக்கைகள். ஒவ்வோர் இருக்கைக்கும் உயரம் மாற்ற இரண்டு நுண்திருகுகள், சுருதி நீளம் சரிசெய்ய ஒரு திருகு, ஒரு சுருள்வில். துருப்பிடித்தபின் ஆலன் சாவியைக் கொண்டு திருகினால் திருகின் தலை மழுங்கிவிடும். லெஸ் பாலின் பிரிட்ஜோ இரண்டு தூண்களின் மேல் நிற்கும் ஒரே பாலம். துருப்பிடிக்கக் கிடைக்கும் சிறு பாகங்கள் அதில் குறைவு. ஆயினும் மலிவான வகைகளில் அந்தப் பாலம் துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கும். மேல்முலாம் போனதும் உள்ளே குழிகுழியாக அரித்துப் பொடியும், அப்போது முழுப் பாலத்தையுமே மாற்ற வேண்டும். ஸ்ட்ராட்டுக்கு ஓர் இருக்கை, ஒரு திருகு, ஒரு வில் என்று தனித்தனியாகத் தபாலில் வருவித்து நாமே மாட்டிக்கொள்ளலாம். பழுதுபார்க்க மதுரைக்குப் போய்வர ஒரு நாள் பிழைப்பை இழக்கும் எங்களுக்கு இது சிறிய சலுகை அன்று.

ஸ்ட்ராட்டின் அசையும் பிரிட்ஜைப் பற்றித்தான் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதன் பின்புறத்து வில்களின் இழுவிசையும் ஆறு தந்திகளின் இழுவிசையும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கின்றன. துருவேறிய தந்தி ஒன்று பாட்டின் நடுவே அறுந்தால் வில்கள் வென்றுவிடும். மிஞ்சிய ஐந்து தந்திகளும் ஒன்றாகச் சுருதி ஏறிப் பாட்டே நின்றுபோகும். லெஸ் பாலில் அறுந்த தந்தி மட்டும்தான் போகும். தந்தி அடிக்கடி அறுகின்ற ஊரில் இது பெரிய குறை. எனினும் தீர்வு எளிது. கருவியின் பின்மூடியைக் கழற்றி, பிரிட்ஜின் அடிக்கட்டைக்கும் உடலின் பள்ளத்துக்கும் இடையில் அளவாகச் செதுக்கிய மரத்துண்டைச் செருகி, வில்களை முறுக்கிவிட்டால் பிரிட்ஜ் அசையாது. அந்தத் துண்டைப் படகு கட்டும் ஆசாரி ஒருவரே செதுக்கிக் கொடுத்துவிடுவார். பிரிட்ஜை அசைத்துச் சுருதியைக் குலுக்கும் கைப்பிடி போய்விடுமே என்று பிள்ளைகள் வருந்துவார்கள். தேவாலயத்திலோ திருவிழா மேடையிலோ அதன் தேவை அரிது.

இனி கழுத்து. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்தவர். தமக்கு கிதார் வாசிக்கத் தெரியாதவர். பழுதுபார்ப்பவரின் புத்தியில் பிறந்த கருவி என்பது ஸ்ட்ராட்டின் ஒவ்வோர் இணைப்பிலும் தெரியும். அதன் மேப்பிள் கழுத்து நான்கு திருகுகளால் உடலுடன் பூட்டப்பட்டிருக்கிறது, கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். லெஸ் பாலின் மகாகனிக் கழுத்து உடலுடன் பசையால் ஒட்டப்பட்டது. அதன் தலைப்பகுதி வேறு 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் நார் குறுக்காக அறுபட்டு, அதே இடத்தில் கழுத்தின் உள்கம்பிக்காகக் குழியும் தோண்டப்பட்டிருப்பதால், மல்லாந்து விழுந்தால் முதலில் ஒடிவது அந்த இடம்தான். துணிப்பையில் போட்டு மதுரைப் பேருந்தின் மேல்தட்டில் வைத்துக் கொண்டுபோகும் கருவிக்கு இது ஆபத்து. மேலும் அதன் எடை 4 கிலோவைத் தாண்டுவது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவின் நீண்ட வழிபாடு முழுவதும் நின்று வாசிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளை எண்ணிப் பாருங்கள். கடைகளில் லெஸ் பால் வடிவில் தொங்கும் மலிவான கருவிகள் பலவற்றில் கழுத்து திருகாணியால்தான் பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். உருவம் லெஸ் பாலுடையது என்பதற்காகக் கட்டுமானமும் அதுவே என்று நம்பிவிடக் கூடாது.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்கள் இன்னிசைக் குழுக்களில் பெரும்பாலும் கிதார் ஆம்புக்குப் போவதில்லை. ஓசையை மாற்றியமைக்கும் ப்ராசஸர் வழியாக நேரே, எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சருக்குப் போகிறது. அவ்வளவு தூரம் கடந்தபின், மகாகனி மரத்துக்கும் ஆல்டர் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திருவிழாக் கூட்டத்தில் எவராலும் பிரித்தறிய முடியாது என்பது என் எண்ணம். திரைப்பாடல்களில் கிதாருக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி, கார்டுகளின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தெளிவாக மீட்டுவது. அதற்கு ஸ்ட்ராட்டின் மெல்லிய ஓசை குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கும்.

ஒரே ஓர் இடத்தில் லெஸ் பால் ஆதரவாளர்களுக்கு என்னிடம் விடை இல்லை. ஸ்ட்ராட்டில் தந்தியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். லெஸ் பாலில் ஏறத்தாழ 628. ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதியில் வைத்தால், லெஸ் பாலில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்துக் கமகம் பிடிக்க விரும்பும் கைக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் மின்சார மாண்டலினில் இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஒற்றைத் தந்திகளைக் கட்டிக்கொண்டு கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார். அந்த வழியில் கிதாரை எடுத்துச் செல்ல நினைக்கும் பிள்ளைக்கு, மற்ற எல்லாக் காரணங்களையும் மீறி, லெஸ் பாலே ஏற்றதாக இருக்கக்கூடும். ஸ்ட்ராட்டில் ஒரு படி மெல்லிய தந்தி கட்டி ஈடுசெய்யலாம். ஆனால் மெல்லிய தந்தி எங்கள் காற்றில் இன்னும் விரைவில் அறும்.

அப்படி லெஸ் பால்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், கிதாரின் விலையோடு கெட்டியான பெட்டியின் விலையையும் சேர்த்தே பணத்தை ஒதுக்கிக்கொள்ளட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கிடக்கட்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை அடிப்புறமும் துடைத்துவிட்டு, கருவியைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டட்டும்.

இப்படிக்கு,
பங்குக் கோயில் பாடகர் குழுவின் கிதார் வாசிப்பவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.