கண்ணை மூடிக்கொண்டு மோதும் பிள்ளைகள்: ரக்பி பயிற்சியாளர்களுக்கு ஒரு தகப்பனின் மடல்

சிறுவர் ரக்பி அணிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாத ஆட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். இரண்டாம் பாதியில் டேக்கிள் செய்யப் போய், அதாவது பந்தோடு ஓடி வருபவனைப் பிடித்து வீழ்த்தப் போய், எழுந்திருக்க முடியாமல் கிடந்த பையன் என் மகன். பந்தோடு ஓடி வந்தவனுக்கும் அதே 13 வயதுதான், ஆனால் என் மகனைவிட ஒரு தலை உயரம். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஓட வேண்டியபடி ஓடினான். என் மகனின் தலை அவன் கால்களுக்குக் குறுக்கே போய்விட்டது, முழங்கால் பொட்டில் இடித்தது.

மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர். முதல் இரண்டு நாள் ஜன்னல் வெளிச்சம்கூட அவனுக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு என்னிடம் கேட்டான்: "அப்பா, நான் பயந்தாங்கொள்ளியா?" இடைவேளையில் அவனுக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, "பயப்படாம போய் மோது" என்பதுதானாம்.

அந்த ஆட்டத்தை இன்னொரு பெற்றோர் செல்போனில் எடுத்திருந்தார். அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். மோதுவதற்கு ஓரடி முன்னால் என் மகன் கண்ணை இறுக மூடுகிறான். மூடியதும் தலை தானாகக் குனிகிறது. கால்கள் எங்கோ பின்னால் நிற்க, உடம்பு மட்டும் முன்னால் விழுகிறது. ஆனால் அவன் ஒதுங்கவில்லை. நேராகத்தான் போனான். பயந்தவன் அப்படிப் போகமாட்டான். சொல்லித்தரப்படாதவன்தான் போவான்.

"டேக்கிள் பண்ணும்போது தலையை எங்கே வைக்கணும்னு சொன்னாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கீழே போன்னு சொல்வாங்க" என்றான். அவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க அவன் கற்றது அந்த இரண்டு சொல். கீழே போ என்றால் சின்னப் பிள்ளை முதுகை வளைத்துக் குனிவான். முழங்காலையும் இடுப்பையும் மடக்கித் தாழ வேண்டும், முதுகு நேராகவும் முகம் நிமிர்ந்தும் இருக்க வேண்டும் என்பதை யாராவது பக்கத்தில் நின்று காட்டினால்தானே அவனுக்குத் தெரியும்?

நானும் இள வயதில் ஆடியவன். எங்களுக்குச் சொல்லித்தந்தவர் முதல் சில வாரம் ஓடவே விடவில்லை. முதலில் மண்டியிட்டபடி, அப்புறம் ஒரு கால் ஊன்றி, அப்புறம் நின்று, நடந்து, கடைசியில்தான் ஓடிவந்து. ஒவ்வொரு முறையும் கேட்பார்: தலை எங்கே, கண் எங்கே, கால் எங்கே. எந்தத் தோளால் பிடிக்கிறோமோ அந்தப் பக்கத்துக் கால் எதிராளியின் அருகே ஊன்ற வேண்டும். கண் அவன் இடுப்பிலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் பிடிக்கும்போது தலை அவனுக்குப் பின்பக்கம், கன்னம் அவன் பின்புறத்தோடு ஒட்ட வேண்டும். தோள் பட்ட பிறகு கைகளால் இறுக்கிக்கொண்டு கால்களை நிறுத்தாமல் உந்த வேண்டும். வலது தோளுக்குப் பத்து என்றால் இடது தோளுக்கும் பத்து.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தொழில்முறை ஆட்டங்களில் தலையில் அடிபட்ட 611 சம்பவங்களை சர்வதேச ரக்பி அமைப்பான வேர்ல்டு ரக்பி ஆராய்ந்தபோது, அவற்றில் 76 சதவீதம் டேக்கிளில் நேர்ந்தவை. அதிலும் பத்தில் ஏழுக்கு மேல் அடிபட்டது பந்தோடு வந்தவருக்கு அல்ல, டேக்கிள் செய்தவருக்கு. இங்கிலாந்தில் 2023-இல் உள்ளூர் மட்ட ஆட்டங்களுக்கு டேக்கிளில் எதிராளியைப் பிடிக்கலாம் என்ற உயர வரம்பை மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே இறக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் தாழ்வதற்குச் சரியாகப் பழக்காவிட்டால், எதிராளியின் தலைக்குப் பதில் அவன் முழங்கால்தான் பிள்ளையின் நெற்றிக்கு நேராக வந்து நிற்கும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. இரண்டு தோளாலும் சரியாக டேக்கிள் செய்வதைப் பயிற்சியில் காட்டாத எந்தப் பிள்ளையையும் மோதல் உள்ள ஆட்டத்தில் இறக்காதீர்கள்.

பலம் போதவில்லை என்று சொல்கிறீர்கள். சரி, போதவில்லைதான். அதற்காக 13 வயதுப் பிள்ளையிடம் "ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்று" என்று சொல்லி அனுப்பலாமா? படுத்தபடி எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் போட்டு மார்பு அகன்றால் டேக்கிள் வந்துவிடாது. தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் கழுத்திலும்தான் பலம் வேண்டும். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், முழங்கையூன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க், கை கால் ஊன்றி நடக்கும் கரடி நடை, ஒற்றைக் காலில் நிற்பது, ஒருவரையொருவர் தள்ளும் மல்யுத்த விளையாட்டு, கையால் நெற்றியைத் தள்ளிக் கழுத்தால் எதிர்ப்பது என எதற்கும் பெரிய செலவில்லை. வேர்ல்டு ரக்பியின் 'ஆக்டிவேட்' பயிற்சித் தொகுப்பில் இதே மாதிரிப் பயிற்சிகள்தான். இங்கிலாந்துப் பள்ளி அணிகளில் பாத் பல்கலைக்கழகம் ஆராய்ந்தபோது, வாரம் மூன்று முறை அதை முழுசாகச் செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி 59 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சிக்கு முன்னால் இருபது நிமிடம், அவ்வளவுதான் கேட்கிறது.

நியூசிலாந்தில் 2001 முதல் பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும். நம்மிடம் புது ஜெர்சிக்குப் பணம் வருகிறது, கோப்பைக்கு வருகிறது, புகைப்படக்காரருக்கும் வருகிறது. மோதிப் பழகும் மெத்தையான டேக்கிள் பேட் மட்டும் இரண்டு, இரண்டும் பிய்ந்து பஞ்சு வெளியே தெரிகிறது. சனிக்கிழமை காலையை எங்கள் பிள்ளைகளுக்காகக் கொடுக்கும் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இதை எழுதும்போது கோபத்தை அடக்க முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

டாக்டர் அனுமதித்ததும் திரும்ப ஆட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் என் மகன். அவனைத் தடுக்கப் போவதில்லை. அவன் வரும் முதல் நாள், தயவுசெய்து உங்களில் ஒருவர் அவனோடு மண்டியிட்டு, தலையை எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். அவன் கண் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை அவனையோ, அவனைப் போன்ற வேறு எந்தப் பிள்ளையையோ மோதலுக்கு இறக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரனின் அப்பா