சின்னம்மா வீட்டு ஹீற்றர்

லண்டன்
தை, 2026

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் மார்கழிக் கடைசியில் வந்தது. கூரை வேலை மழைக்கு முன் முடிந்ததை அறிந்து சந்தோஷம். இங்கே பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், என் முழங்கால்தான் பின்னுக்கு நிற்கிறது. சரி, சின்னம்மா இந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கிறார், அரசு உதவி ஏதும் கிடைக்கிறதா என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

ஒக்டோபரில் போனபோது இரண்டு கம்பளிச் சட்டையும் அதற்கு மேல் சித்தப்பாவின் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நான் வருகிறேன் என்றுதான் ஹீற்றரைப் போட்டிருக்கிறார். கரண்ட் எவ்வளவு போகிறதென்று காட்டும் சின்னப் பெட்டி சமையலறையில் இருக்கிறது. அதன் பச்சை விளக்கு மஞ்சளானதும் கதையை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் ஹீற்றரை அணைத்தார். 82 வயது. இரவில் சுடுதண்ணிப் போத்தலைக் கட்டிக்கொண்டு படுக்கிறாராம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இந்த நாட்டில் உதவி இல்லாமல் இல்லை. 1997இல் கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக இருந்தபோது முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் பணம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது ஒரு வீட்டுக்கு 200 பவுண், 80 வயது தாண்டியவர் இருந்தால் 300. பென்சன் எடுக்கும் அநேகருக்குக் கேட்காமலே வங்கிக்கு வந்துவிடும். 2024இல் அரசு திடீரென்று அதை, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்சன் கிரெடிட் போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு கோடிப் பேரளவில் அந்தக் குளிர்காலத்தில் அதை இழந்தார்கள். சின்னம்மாவும் ஒருவர். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2025இல் திருப்பிக் கொடுத்தார்கள். வருட வருமானம் 35,000 பவுணுக்கு மேல் உள்ளவர்களிடம் மட்டும் வரியாகத் திரும்ப எடுப்பார்கள். சின்னம்மாவுக்கு இந்த முறை 300 வந்தது.

ஆனால் அவருக்கு 2024இலும் அது நின்றிருக்கத் தேவையில்லை. வாரத்துக்கு 227 பவுண் 10 பென்ஸுக்குக் (2025-26 கணக்கு) குறைவான வருமானத்தில் தனியாக இருக்கும் முதியவருக்கு மீதியை நிரப்பிக் கொடுப்பதுதான் பென்சன் கிரெடிட். சின்னம்மா இங்கே வந்து சில வருடங்கள்தான் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அவருடையது அரைகுறைப் பென்சன். எத்தனையோ வருடமாக உரித்துடையவர், ஒருநாளும் கேட்கவில்லை. சித்தப்பா வாங்கிய சொந்த வீட்டில் இருப்பதால் தரமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். இருக்கும் வீட்டை அவர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. "பிச்சைச் சம்பளம் கேட்டுப் போக மாட்டன் பிள்ளை" என்றார்.

உனக்குத் தெரியும், ஊரில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார்கள் என்று. உதவிப்பணத்துக்கு அப்படியொரு பெயரை வைத்தவர் யாரோ, அது கடல் கடந்து வந்து ஒரு கிழவியைக் குளிரில் இருத்தியிருக்கிறது. "நீங்கள் கட்டிய வரியில் இருந்துதான் தருகிறார்கள்" என்று மூன்று தடவை போய்ச் சொன்னேன். மூன்றாவது தடவை ஒன்றும் பேசாமல் ரெலிபோனை எடுத்து என் கையில் தந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டோம், இணைத்தார்கள். மார்கழியில் கடிதம் வந்தது, முந்திய மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். இனிக் குளிர்காலத்தில் கரண்ட் பில்லில் 150 பவுண் கழிக்கும் திட்டமும் இதன் வழியாகத் திறக்கும். தொடர்ந்து ஏழு நாள் சராசரி பூச்சியம் பாகைக்கோ கீழேயோ போனால் 25 பவுண் தருவதும் உண்டு. லண்டனில் அவ்வளவு குளிர் அரிது, அதை நான் பெரிதாக நம்பவில்லை.

அப்புறம் உதவியாளர் படி. பென்சன் வயதில் உடல் இயலாமல் பிறர் துணை தேவைப்படுவோருக்கு, வருமானம் பார்க்காமல், 2025-26 கணக்கில் வாரம் 73 பவுண் 90 பென்ஸ், தேவை கூடியவர்களுக்கு 110 பவுண் 40 பென்ஸ். அந்தப் படிவத்தை நிரப்பவே ஒரு முழு மாலை போயிற்று. குளிக்க உதவி தேவையா? "சமாளிப்பன்." படியேற? "சமாளிப்பன்." பாத்ரூமில் இரண்டு தரம் விழுந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பெருமைக்குப் பொய் சொல்லும் ஆட்களிடம் இப்படிக் கேள்வி கேட்டால் உண்மை எப்படி வரும்? நல்ல நாளை விடுங்கள், ஏலாத நாளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். கிடைத்தால் பென்சன் கிரெடிட்டும் கூடும்.

இந்த ஒழுங்கில் எனக்குக் கோபம் வருவது ஒரு இடத்தில்தான். இயலாமைக்கென்று கொடுக்கும் பணம் மட்டும் பெறுபவருக்கு, வருமானம் பார்த்துத் தரும் வேறு உதவி எதுவும் இல்லையென்றால், அந்த 150 பவுண் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும், சக்கர நாற்காலிக்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும், உடம்பு அசையாததால் குளிரும் கூடுதலாக ஏறும். பகுதிநேர வேலை செய்கிறான், அதனால் வருமானம் பார்த்துத் தரும் உதவிக் கணக்கில் விழமாட்டான். ஆனால் வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் வைத்திருப்பவருக்கு அது எடுக்கும் கரண்டுக்கான காசைத் திருப்பித் தருகிறார்கள். அதுவல்லவா நியாயம்! சக்கர நாற்காலிக்கும் நோயாளிக் கட்டிலுக்கும் அப்படி அளந்து கொடுப்பது முடியாத காரியமா?

சின்னம்மாவைக் கரண்ட் கம்பனி முதியோருக்கும் இயலாதோருக்கும் வைத்திருக்கும் முன்னுரிமைப் பதிவிலும் சேர்த்துவிட்டேன், அதற்குக் காசில்லை. கரண்ட் நின்றால் முதலில் கவனிப்பார்கள், பில் பெரிய எழுத்தில் வரும். கம்பனி ஆள் வீட்டுக்கு வந்தால் சொல்லவேண்டிய இரகசியச் சொல்லாகத் தன் ஊர்க் கோயிலின் பெயரைக் கொடுத்திருக்கிறார். வருகிறவன் அதை எப்படி உச்சரிப்பானோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அவருக்கு அழைப்பாய்தானே. ஹீற்றர் போட்டிருக்கிறாரா என்று கேள். என்னிடம் "போட்டிருக்கிறன்" என்று சொல்லிவிடுகிறார், உன்னிடம் மறைக்க மாட்டார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி