சண்டிகரின் கொன்றைச் சாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சண்டிகர் என்றதும் எல்லோரும் அந்த ஊரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் கான்கிரீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு நாள் சுற்றிவிட்டு வருகிறவர்களோ, "எந்தத் தெருவும் ஒரே மாதிரி, உயிரில்லாத ஊர்" என்று முடித்துவிடுகிறார்கள். வேலை நிமித்தமாக ஆறு வருடம் அங்கே குடியிருந்தவன் நான். போன புதிதில் நானும் அதையேதான் சொன்னேன். ஊரை எண் போட்டுப் பிரித்த பகுதிகளை அங்கே செக்டர் என்பார்கள். மூன்று ரவுண்டானா தாண்டினால் எந்த செக்டரில் நிற்கிறோம் என்றே புரியாது.

அப்புறம் மே மாதம் வந்தது. அனல் காற்றில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் அலுவலகம் போகிற சாலை, ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டது. இரண்டு பக்கமும் சரக்கொன்றை! அங்கே அமல்தாஸ் என்பார்கள். நம் ஊர் சிவன் கோயிலில் ஒற்றை மரமாகப் பார்த்தது, அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சரம்சரமாகத் தொங்கியது. என் மனைவி ஒரு கொத்தைப் பறித்து 31ஆம் செக்டர் முருகன் கோயிலுக்கு எடுத்துப் போனாள். அது சிவனுக்கு உரிய பூ ஆயிற்றே என்றேன். "அப்பாவுக்கு ஆகிறது பிள்ளைக்கு ஆகாதா?" என்றாள். அதற்கப்புறம் எங்களுக்கு வழி தவறியதில்லை. மரத்தைப் பார்த்தே திரும்புவோம்.

இது தானாக அமைந்ததல்ல. ஐ.சி.எஸ். அதிகாரியும் தாவரவியல் படித்தவருமான எம்.எஸ். ராந்தாவா, எந்தச் சாலைக்கு எந்த மரம் என்று ஆரம்பத்திலேயே யோசித்துத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர். 16ஆம் செக்டர் ரோஜாத் தோட்டமும் அவர் முயற்சிதான். 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்று செக்டர் பிரித்து, கடையும் பள்ளியும் உள்ளேயே வைத்ததும் பெரிய வசதி, மறுக்கவில்லை.

குறையும் உண்டு. ஊரைக் கட்டிய கூலித் தொழிலாளிகளுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. குடிசை போட்டுத்தான் இருந்தார்கள்.

இங்கே துணைநகரம், புதிய மனைப்பிரிவு என்றால் முதலில் கல் நடுகிறோம், தார் ஊற்றுகிறோம், திறப்பு விழாவன்று நாலு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். மறுவருடம் அந்தக் கூண்டில் சுவரொட்டிதான் இருக்கிறது. அனுமதி வரைபடத்தில் சாலையின் அகலத்தை எழுதுகிற இடத்திலேயே, அந்தச் சாலைக்கு உரிய மரத்தின் பெயரையும் எழுதச் சொல்லி அரசு ஒரு விதி போடலாம். கொன்றை, புங்கை, மருது, எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சி