சுகாதாரத் துறைகளின் சமூக ஊடகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும் நாளில் மக்கள் முதலில் பார்க்கப்போவது கைப்பேசியைத்தான். அதனால் உங்களிடம் இப்போதே ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொன்ன தகவல் மாறினால், முதலில் சொன்ன அதே இடத்தில், அதே அளவு சத்தமாக மாற்றிச் சொல்லுங்கள்.

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்றில் பரவும் நோய் அல்ல என்று ட்விட்டரில் பதிவிட்டது. 'உண்மை' என்ற முத்திரையோடு அடித்துச் சொன்னது. அந்த ஜூலையிலேயே 239 அறிவியலாளர்கள் காற்றுவழிப் பரவலைக் கவனிக்கச் சொல்லி வெளிப்படையாக எழுதினார்கள். நிறுவனத்தின் கேள்வி-பதில் பக்கத்தில் வாசகம் தெளிவாக மாற 2021 ஏப்ரல் இறுதி ஆகிவிட்டது. அந்த மாற்றத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அதுவரை எத்தனையோ பேர் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் தெரியாமல் இருந்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புதிய கிருமி, ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. "இன்றுவரை தெரிந்தது இது, மாறினால் இங்கேயே சொல்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். மக்களுக்கு அது புரியும்.

முகக்கவசத்திலும் இதுவே நடந்தது. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை மருத்துவர் (சர்ஜன் ஜெனரல்) ட்விட்டரில், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை என்றார். ஏப்ரல் தொடக்கத்தில் அந்த நாடே துணி முகக்கவசம் அணியச் சொன்னது. மருத்துவப் பணியாளர்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்ற கவலை நியாயமானதுதான். அதை மட்டும் சொல்லியிருக்கலாம். பயனில்லை என்று சேர்த்துச் சொன்னதால், பிறகு அணியச் சொன்னபோதும் நிறையப் பேர் நம்பவில்லை.

அப்புறம், படங்களைப் பற்றி. அறிவிப்பைப் படமாக்கி வெளியிடுகிறீர்கள். அது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும்போது உங்கள் கணக்கின் பெயரும் பதிவின் தேதியும் கழன்றுவிடுகின்றன, படம் மட்டும் போகிறது. விதி மாறிய பிறகும் பழைய படம் குழுக்களில் சுற்றுகிறது. அரசு முத்திரை இருப்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே தேதியையும், எதுவரை செல்லும் என்பதையும் படத்துக்குள்ளேயே பெரிதாக எழுதுங்கள். அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்கள். பார்வையற்றோரின் திரை வாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பல நேரம் படிக்காது. நெருக்கடியில் அவர்களுக்கும் அதே நொடியில் தகவல் வேண்டும்.

செயலிகள் விஷயத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது முக்கியம். சிங்கப்பூரின் ட்ரேஸ்டுகெதர் செயலி தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கோபப்பட்ட பிறகே கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. மக்கள் செயலியை நிறுவும் முன்பே இது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நன்றாக நடந்ததும் உண்டு. 2020 பிப்ரவரியில் தைவான் அரசு மருந்தகங்களின் முகக்கவச இருப்பைத் திறந்த தரவாக வெளியிட்டது. எங்கே கிடைக்கிறது என்று காட்டும் வரைபடங்களைத் தன்னார்வ நிரலாளர்கள் உருவாக்கினார்கள். குறையைச் சுட்டிக்காட்டவும் வழி இருந்தது.

உங்களிடமும் அந்த வழி திறந்திருக்கட்டும். பின்னூட்டங்களை மூடிவிடாதீர்கள், அவற்றைப் படிக்க ஒருவரை அமர்த்துங்கள். தவறான பதிவை அழிக்காமல் அதன் மேலேயே திருத்தத்தை எழுதுங்கள். மாறிய அறிவுரைகளைத் தேதியோடு ஒரே பக்கத்தில் வைத்து, அதன் இணைப்பைக் கணக்கின் உச்சியில் பொருத்துங்கள். இதற்கெல்லாம் புதிய செயலி எதுவும் தேவையில்லை. இந்த வாரமே தொடங்கலாம்.

அக்கறையுடன்,
உங்கள் பதிவுகளை நம்பிப் படிக்கும் ஒருவர்