வொல்லி க்ரீக் காடு சும்மா கிடக்கும் நிலமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் சிட்னி டரெல்லா ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள வொல்லி க்ரீக் காட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அது சும்மா கிடக்கும் புதராம், வௌவால் நாற்றம் தாங்கவில்லையாம், வெட்டிச் சமன் செய்தால் ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்தவாவது உதவுமாம். நான் அந்தப் பள்ளத்தாக்கின் வடகரையில், ஏர்ல்வுட்டில் குடியிருக்கிறேன். நாற்றத்தை மறுக்க மாட்டேன், மழை பெய்த மறுநாள் எங்கள் தெரு வரைக்கும் வரும். ஆனால் "சும்மா கிடக்கும்" என்பதை மட்டும் விட்டுவிட மனமில்லை.

அந்தக் காட்டின் வழியாகத் தரைமேலேயே எம்5 நெடுஞ்சாலையைக் கொண்டுபோவதாகத்தான் முதலில் திட்டம். சாலைக்கென்று நிலத்தை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். வேறு யாரும் அங்கே வீடு கட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது வேடிக்கை. 1984இல் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடி வொல்லி க்ரீக் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மனு, கூட்டம், ஊர்வலம் என்று வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சாலை நிலத்துக்கு அடியில் போனது. 2001 டிசம்பரில் திறந்த எம்5 ஈஸ்ட் சுரங்கத்தின் நீளம் 4 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு அவசரமாகப் போகும்போது நாம் எல்லோரும் அதில்தான் போகிறோம். முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. சுரங்கத்தின் புகைபோக்கியை டரெல்லாவிலேயே நட்டுவிட்டார்கள், அதை எதிர்த்து நடந்தது தனிப் போராட்டம். பிற்பாடு புதிய எம்5 வேலை வந்தபோது மேற்கே கிங்ஸ்குரோவ் பக்கம் அயர்ன்பார்க் என்ற யூக்கலிப்டஸ் வகை மரங்கள் வளர்ந்த அரிய காட்டில் ஒரு துண்டு போயேவிட்டது. ஆக, இப்போது மிச்சமிருப்பது சுமார் 50 ஹெக்டேர். சிட்னியின் உள் தென்மேற்குப் பகுதியில் இதைவிடப் பெரிய இயற்கைக் காடு கிடையாது. அதில் பெரும்பகுதி இன்று மாநில தேசியப் பூங்காத் துறையின் கையில் வட்டாரப் பூங்காவாக இருக்கிறது.

கடிதம் எழுதிய நண்பர் ரயில் ஜன்னல் வழியாக மட்டும்தான் அதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ரயிலிலிருந்து பார்த்தால் எனக்கும் புதர்தான். ஒருமுறை பெக்ஸ்லி நார்த்தில் இறங்கிப் பாருங்கள். பெக்ஸ்லி ரோட்டில் வடக்கே கொஞ்சம் நடந்து ஓடையைத் தாண்டியதும் வலது கைப்பக்கம் பாதை பிரிகிறது. பெக்ஸ்லி நார்த்தில் தொடங்கிக் கேம்ப்ஸி வரை போகும் 13 கிலோமீட்டர் 'டூ வேலி டிரெயில்' அதுதான், ஆனால் முழுவதும் நடக்க வேண்டியதில்லை. டரெல்லா வரைக்கும் என்றால் அங்கங்கே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். முதலில் கொஞ்ச தூரம் சாலைச் சத்தம் கூடவே வரும். அப்புறம் இடது பக்கம் மணற்பாறைச் சரிவு எழும்புகிறது. பாறையில் தேன்கூடு போலக் குழிகள், மழைக்கு ஒதுங்கும் அளவுக்குக் குடைவுகள். கீழ்ப்பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட குடைவுகளில் பூர்வகுடி மக்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் இருக்கின்றன. கண்ணில் பட்டால் தொடாமல் வந்துவிடுவது மரியாதை.

கிர்ரவீன் பூங்காவை ஒட்டி வரும்போதுதான் உண்மையான காடு. உயர்ந்த மரங்கள் வெயிலை மறைத்துவிடும். ஆங்கோபோரா என்று ஒரு மரம். கோடையில் பழைய பட்டையை உதிர்த்துவிட்டு உள்ளே செம்மஞ்சளாக, வழவழவென்று நிற்கும். கிளைகள் நேராகப் போகவே போகாது, பாறை இடுக்கில் கால் வைத்துத் திருகிக்கொண்டுதான் எழும்பும். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்காமல் கடக்க முடியாது. ஓடையோரப் பாறையில் பெரிய தண்ணீர் ஓணான்கள் வெயில் காயும், பக்கத்தில் போனால் தொபுக்கென்று குதித்துவிடும். அமைதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் ரயில், தலைக்கு மேல் விமானம், நடுவில் கூக்கபுராப் பறவையின் சிரிப்பு.

டரெல்லா தடுப்பணைக்குக் கீழே ஓடையில் கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. என் அம்மா திருத்துறைப்பூண்டிக்காரர். இங்கே வந்திருந்தபோது அவரை அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். சேற்றில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பார்த்ததும், "இது நம்ம முத்துப்பேட்டை அலையாத்தில்ல? இங்க எப்படி வந்துச்சு?" என்றார். அவர் சொன்னது சரிதான். முத்துப்பேட்டைச் சதுப்பில் மிகுதியாக வளரும் அவிசென்னியா மரினாவேதான் இதுவும், வெண்கண்டல் என்பார்களே அது. யாரும் கொண்டுவந்து நடவில்லை, ஆஸ்திரேலியக் கரைக்கும் அது சொந்த மரம்.

ஓடைக்கரையில் வேலியைப் பிடித்து ஏறியிருந்த பலூன் கொடியைப் பார்த்து முடக்கத்தான் தோசைக்கு இலை பறிக்கவும் அம்மா தயாராகிவிட்டார். அது முடக்கத்தானுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு இனம். சாப்பிட வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அமெரிக்காவின் வெப்பநாடுகளிலிருந்து தோட்ட அழகுக்காக வந்து, இன்று சிட்னி ஓடைக்கரை மரங்களையெல்லாம் போர்த்தி மூச்சடைக்கிற களை அது. இன்னொன்று நம் உண்ணிச்செடி. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் செய்கிற அதே அட்டகாசத்தை இங்கேயும் செய்கிறது.

இந்தக் களைகளைக் கையால் பிடுங்குவதற்கென்று தன்னார்வலர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். மண்டியிட்டு ஒவ்வொரு முளையாகப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். எனக்கு முதலில் பொறுமையே இல்லை, ஒரு புல்டோசர் விட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே என்று கேட்டேன். ஜோன், ஐலீன் பிராட்லி என்று சிட்னி மாஸ்மன் பகுதியைச் சேர்ந்த சகோதரிகள் இருவர் 1960களில் நடைமுறைப்படுத்திக் காட்டிய முறையை அப்போதுதான் சொன்னார்கள். காடு நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கிக் கெட்டுப்போன பக்கம் நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கிளறக் கூடாது. சொந்தச் செடிகள் தாமே முளைத்து இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு மேல் களையை எடுக்கக் கூடாது. உண்ணிச்செடியைக்கூட ஒரேயடியாக வெட்டுவதில்லை, சிறு பறவைகள் அதற்குள் ஒளிந்து வாழ்கின்றனவாம். நம் நண்பர் சொல்வதுபோல வெட்டிச் சமன் செய்தால் முதலில் முளைப்பது களைதான்.

இப்போது வௌவால். டரெல்லா பக்கத்தில் கூட்டமாகத் தொங்குபவை சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே எங்கும் இயற்கையாகக் கிடையாது, எண்ணிக்கை குறைந்துவருவதால் சட்டப் பாதுகாப்பும் உண்டு. யூக்கலிப்டஸ் பூக்களின் தேனும் மகரந்தமும்தான் முக்கிய உணவு. ஒரே இரவில் 50 கிலோமீட்டர்கூடப் பறந்து மேயும், போகிற வழியெல்லாம் மகரந்தத்தை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கடத்தும். விரட்டினால் எங்கோ மறைந்துவிடாது, இன்னொருவர் வீட்டுக்குப் பின்னால் போய்த் தொங்கும். நகரின் நடுவிலுள்ள தாவரவியல் பூங்காவில் 2012இல் பெருஞ்சத்தம் எழுப்பி விரட்டியதை இங்கே நீண்ட நாள் இருப்பவர்கள் அறிவார்கள். அங்கே பழமையான மரங்கள் செத்துக்கொண்டிருந்தன என்ற காரணமாவது இருந்தது. டரெல்லாவில் நமக்கு என்ன காரணம், மூக்கா?

நோய்ப் பயம் வேறு. இந்த வௌவால்களிடம் இருக்கக்கூடிய லிசாவைரஸ் என்பது ரேபிஸுக்கு உறவு, லேசாக எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. ஆனால் கடித்தாலோ கீறினாலோ, எச்சில் நம் கண், மூக்கு, வாயில் பட்டாலோதான் அது நமக்குத் தொற்றும். தலைக்கு மேல் பறப்பதாலோ காரில் எச்சமிடுவதாலோ வராது. தரையில் கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாமல் வனவிலங்கு மீட்புக்காரர்களுக்குப் போன் செய்யுங்கள். தப்பித்தவறிக் கீறிவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள், தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் கொய்யா, மா வைத்திருப்பவர்கள் சுண்டுவிரல்கூட நுழையாத நெருக்கமான வலையாக வாங்குங்கள், பெரிய கண் வலையில் சிக்கி அவை படும் பாடு பார்க்கச் சகிக்காது. ஊரில் ஆலமரத்து வௌவால் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கும் மூக்கு இருக்கிறது.

கார் நிறுத்தும் பிரச்சினைக்கு வருகிறேன். பெக்ஸ்லி நார்த், பார்ட்வெல் பார்க், டரெல்லா ஆகிய ஸ்டேஷன்கள் 1931 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்திலேயே இருக்கின்றன. ஒன்றில் இறங்கி நடந்து இன்னொன்றில் ஏறிக்கொள்ள ஏற்ற இடத்துக்குக் கார் எதற்கு? வார இறுதி உலா என்று நீங்கள் போடும் பக்கத்தில் எப்போதும் ப்ளூ மவுண்டன்ஸ், கயாமா என்று நூறு கிலோமீட்டர் ஓட்ட வைக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெற்றோர்கள் ரயிலிலேயே போய்வரக்கூடிய இந்த நடையையும் ஒருமுறை போடுங்களேன். பாதை சில இடங்களில் கல்லும் வேருமாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். கடும் வெயில் நாளிலும் மழைக்கு மறுநாளும் தவிர்க்கலாம். தமிழில் ஒரு வரைபடம் வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏர்ல்வுட், சிட்னி