பாட்டிலில் பிராந்தி இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்

மலர் மருத்துவ ஆலோசகர்களுக்கும், மலர் மருந்து கலந்து கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

மனநிலைக்கேற்ற பூவைத் தேர்ந்து கொடுக்கும் பாச் மலர் மருந்து எப்படித் தயாராகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 38 மருந்துகளில் 20, பூக்களை நீரில் மிதக்கவிட்டு 3 மணி நேரம் வெயிலில் வைத்து எடுப்பவை. மற்ற 18, அரை மணி நேரம் கொதிக்கவைத்து எடுப்பவை. அந்த நீரோடு சரிபாதி பிராந்தி சேர்த்தால் தாய்த் திரவம். அதில் 2 துளியை 30 மி.லி. பிராந்தியில் விட்டால் ஸ்டாக். ஆக, உங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கும் ஸ்டாக் பாட்டில்களில் இருப்பது ஏறக்குறைய முழுக்கப் பிராந்தி. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இந்த விஷயம், பணம் கொடுத்து வாங்கிப் போகிறவருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் ஒட்டிக் கொடுக்கும் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர், பேனாவில் கிறுக்கிய '4 துளி, 4 வேளை'. சிலர் கூடவே ஓர் எண்ணும் போடுகிறார்கள். அது அவர்கள் நோட்டைத் திறந்தால்தான் புரியும். மூடி கசிந்தால் மை கலைந்து அதுவும் போய்விடும். எந்தெந்த மலர், எதில் கலந்தது, எந்தத் தேதியில் கலந்தது, ஒன்றும் கிடையாது.

குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டுக்கு இந்தப் பாட்டில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எரிச்சலுக்கு ஹோலி, பயத்துக்கு மிமுலஸ் என்று நீங்கள்தான் மலர்களைக் கலந்து கொடுக்கிறீர்கள். அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது ஆல்கஹால் உள்ளே போனால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் ரத்தத்தில் தேங்கிவிடும். முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பையும் வாய் கொப்பளிக்கும் திரவத்தையும்கூடத் தொடக்கூடாது என்று எச்சரித்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

நாலு துளியில் என்ன வந்துவிடும் என்பீர்கள். கணக்கே போட்டுப் பார்ப்போம். 30 மி.லி. தண்ணீரில் 2 துளி ஸ்டாக் மட்டும் விட்டால் ஆல்கஹால் மிகச் சொற்பம்தான். ஆனால் நம் ஊர் வெக்கையில் வெறும் தண்ணீர் தாங்காது என்று ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. பிராந்தி சேர்க்கிறீர்கள். 42.8 சதவீதப் பிராந்தி என்றால் கலவையில் ஆல்கஹால் 6 சதவீதத்தைத் தாண்டுகிறது. அது ஸ்ட்ராங் பியரின் அளவு. ஸ்டாக் பாட்டிலையே கையில் கொடுத்தனுப்பி, அவர் அதை நேராக நாக்கில் விட்டுக்கொண்டால் ஒவ்வொரு துளியும் பிராந்தித் துளிதான். அளவு சிறிதே ஆனாலும், எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் அந்த மாத்திரையைக் கொடுத்த மருத்துவர். அவரிடம் காட்டுவதற்குச் சீட்டில் எதுவும் இல்லையே! ஆறு மாதம் குடிக்காமல் இருந்தவரின் நாக்கில் அந்த வாசனை பட்டால் என்ன ஆகும் என்பதோ எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே கேட்கிறேன்: பிராந்தி இருந்தால் பிராந்தி என்று எழுதிக் கொடுங்கள். ஈரல் நோயாளிகளுக்கும், மதுவை மார்க்கம் விலக்கிய குடும்பங்களுக்கும், குழந்தைக்குக் கொடுக்கும் தாய்மாருக்கும் இது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் கிளிசரினில் தயாரித்ததைக் கேட்டு வாங்குவார்கள். கெடாமல் இருக்கப் பிராந்திக்குப் பதில் ஆப்பிள் சிடர் வினிகர் சேர்க்கச் சொல்வார்கள். சர்க்கரை உருண்டையில் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். துளி விட்ட உருண்டையைத் தாளில் பரப்பி உலரவிடாமல் ஈரத்தோடு மூடினால், உருண்டைகள் ஒட்டிக்கொள்வதோடு பிராந்தியும் உள்ளேயே நிற்கும்.

தேதி எழுதுவதும் சடங்கு அல்ல. துளிக்குழாயின் நுனி நாக்கில் பட்டால் எச்சில் பாட்டிலுக்குள் போய்க் கலவை கலங்கும், நூல் நூலாகப் படியும். கலந்த தேதி தெரியாதவர் அதைக் குலுக்கிவிட்டுத் தொடர்ந்து குடிக்கிறார்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இந்த முறையைத் தொடங்கிய டாக்டர் எட்வர்ட் பாச் ஒவ்வொரு மலரையும் ஒரு மனநிலைக்குச் சொன்னார், நோயின் பெயருக்கு அல்ல. நீங்களோ சர்க்கரைக்கு, வலிப்புக்கு, புற்றுநோய்க்கு என்று போர்டு வைக்கிறீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் இந்த நோய்களின் பெயரைச் சொல்லியே அப்படி விளம்பரம் செய்யத் தடை விதித்திருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட், 2002-லும் 2010-லும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் வெற்று மருந்தைவிட மலர் மருந்து கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்றுதான் எழுதினார். அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து ஒருவர் மனக்கவலையைக் கேட்கிறீர்களே, அதன் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். 'என்னையே ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயமாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், செர்ரி ப்ளம் மலர் என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், மனநல மருத்துவரிடம் கூடவே போக ஒரு ஆளைத் தேடுங்கள்.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பது ஒரு ஸ்டிக்கர்தான். மலர்களின் பெயர், கலந்த தேதி, எதில் கலந்தது, ஆல்கஹால் எத்தனை சதவீதம், நேராக எடுப்பதா தண்ணீரில் விடுவதா, உங்கள் தொலைபேசி எண். இவ்வளவும் அந்தச் சின்னப் பாட்டிலில் தாராளமாக அடங்கும். மை கலையாமல் இருக்க மேலே ஒரு செலோடேப் ஒட்டினால் போதும். அடுத்து கலக்கும் பாட்டிலிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.